ஃப்ரீபிஎஸ்டியில் உங்கள் முதல் தானியங்கிச் சோதனை

ஃப்ரீபிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்துக்கு ஏதாவது பங்களிக்க ஆசை, ஆனால் அதன் மையமான கெர்னல் பக்கம் போகப் பயமா? ஒரு கட்டளை சரியாக வேலை செய்கிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் சோதனை ஒன்றை எழுதிப் பாருங்கள். ஷெல் ஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தால் போதும். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.)

முன்பும் அங்கே சோதனைகள் இருந்தன. ஆனால் ஆளுக்கொரு பாணி. ஒன்றை ஓட்டும் விதம் இன்னொன்றுக்கு ஒத்துவராது. சோதனைகளை ஒரே பாணியில் எழுத உதவும் ஏடிஎஃப் என்ற சட்டகத்தை 2007-ல், மாணவர்களைத் திறமூலத் திட்டங்களில் ஈடுபடுத்தும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில், நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியவர் ஹூலியோ மெரினோ. சோதனைகளை ஓட்டும் கியுவா என்ற கருவியும் அவருடையதே. ஃப்ரீபிஎஸ்டி இரண்டையும் எடுத்துக்கொண்டது; 13.0 பதிப்பு முதல் கியுவா அடிப்படை அமைப்பிலேயே வருகிறது. எனக்குப் பிடித்தது, பழைய ஸ்கிரிப்டுகளைத் தூக்கியெறியத் தேவையில்லை என்பது. 'ப்ளெயின்' வகை என்று பதிந்தால் போதும்: நிரல் 0 தந்து முடிந்தால் தேறியது, வேறு எண் என்றால் தோல்வி.

1. இடம். மெய்நிகர் கணினியில் மட்டும் ஓட்டுங்கள். சில சோதனைகள் ரூட் உரிமை கேட்கும், சில கெர்னலையே கவிழ்க்கலாம். நிறுவும்போது 'டெஸ்ட்ஸ்' தொகுப்பையும் தேர்ந்தெடுங்கள்.

2. ஓட்டிப் பார்த்தல். யூஎஸ்ஆர் அடைவுக்குள் டெஸ்ட்ஸ், அதற்குள் பின், அதற்குள் எல்எஸ். அங்கே போய் 'கியுவா டெஸ்ட்' கொடுங்கள். எல்எஸ் கட்டளையின் பல கொடிகளுக்கும் (கட்டளையோடு சிறுகோடு போட்டுத் தரும் விருப்பங்கள்) சோதனைகள் உண்டு; சோதனைக்கு ஒரு வரி வரும், எடுத்த நேரத்தோடு. 'ஸ்கிப்ட்' என்று வந்தால் அது தேறியதாக ஆகாது, ஓடவேயில்லை. 'கியுவா ரிப்போர்ட்' காரணம் சொல்லும்.

3. எழுதுதல். கோப்பின் முழுப் பாதையிலிருந்து கடைசிப் பெயரை மட்டும் அச்சிடும் பேஸ்நேம் கட்டளைக்கு எழுதுவோம். ஸ்கிரிப்டின் முதல் வரி ஏடிஎஃப்-எஸ்எச் ஓடுநிரலைக் காட்ட வேண்டும். அப்புறம் மூன்று துண்டுகள்: சோதனையின் பெயர், விவரம் சொல்லும் 'ஹெட்', வேலை செய்யும் 'பாடி'. கடைசியில் பெயரைப் பதிவு செய்யும் ஒரு செயற்கூறு. அதை மறந்தால் உங்கள் சோதனை பட்டியலிலேயே இருக்காது.

பாடிக்குள் முக்கியமானது, ஒரு கட்டளையை ஓட்டி விளைவைச் சரிபார்க்கும் 'ஏடிஎஃப் செக்'. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். கட்டளை சரியாக ஓடியது, விடையும் சரி, ஆனாலும் தோல்வி! வேறொன்றும் சொல்லாவிட்டால் ஏடிஎஃப் செக் மூன்றை எதிர்பார்க்கும்: திரும்பும் எண் 0, வெளியீடு காலி, பிழை வெளியீடும் காலி. பேஸ்நேம் ஒரு சொல்லை அச்சிட்டாலே கணக்கு தப்பிவிடும். ஆகவே 'ஓ' கொடியுடன் 'இன்லைன்' என்று எழுதி, வரவேண்டிய சொல்லை வரிமுறிப்புக் குறியோடு கொடுங்கள்.

ஸ்கிரிப்டுக்கு இயக்கும் அனுமதி கொடுத்து, பக்கத்திலேயே 'கியுவாஃபைல்' என்ற கோப்பு வையுங்கள். மூன்றே வரி: தொடரமைப்பு எண் 2, சோதனைத் தொகுப்பின் பெயர், சோதனை நிரலின் பெயர்.

4. வேண்டுமென்றே உடைத்தல். எதிர்பார்க்கும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி ஓட்டுங்கள். தோற்க வேண்டும். தோற்காவிட்டால் உங்கள் சோதனை எதையும் சோதிக்கவில்லை. 'கியுவா டீபக்' கொடுத்து, நிரல் பெயரையும் சோதனைப் பெயரையும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதினால், அந்த ஒன்றை மட்டும் ஓட்டி வெளியீட்டை நேரே திரையில் காட்டும்.

5. திட்டத்துக்குள். மூலநிரலில் அந்தந்தக் கட்டளையின் அடைவிலேயே 'டெஸ்ட்ஸ்' என்ற துணை அடைவு இருக்கும். ஸ்கிரிப்டை அங்கே போட்டு, எதையெதை உருவாக்க வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைல் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சரி.

இன்னும் திருத்தப்படாத பிழைக்கும் சோதனை எழுதலாம். பாடியின் தொடக்கத்தில் 'ஏடிஎஃப் எக்ஸ்பெக்ட் ஃபெயில்' என்று போட்டுப் பிழை எண்ணைக் குறிப்பிடுங்கள். தோற்கும்வரை கியுவா அதை எதிர்பார்த்த தோல்வியாக ஏற்கும். ஒருநாள் யாராவது பிழையைத் திருத்துவார்கள். அன்று சோதனை தோற்காததே தோல்வியாகப் பதிவாகி, அந்த வரியை எடுக்கச் சொல்லும்.