பழைய காருக்குள் பெற்றோல் மணமா?

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்பவர்கள் கராச்சுக்கு ஓடுவதற்கு முன்பு மணம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ராங்கியை நிரப்பிய அன்று மட்டும், அதுவும் வளைவில் திரும்பும்போது அடித்தால் டிக்கிப் பக்கம்தான்: மூடியின் வாஷர், பெற்றோல் ஊற்றும் குழாயின் றப்பர், ராங்கிக்கு மேலே இருக்கும் அளவுமானியின் வாஷர். சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு வந்தால் பொனற்றைத் திறவுங்கள்.

மைனரில் ஒரு வசதி, ராங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் அதன் எஸ்.யு. மின்பம்ப் சத்தம் போடும். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் கொஞ்சநேரம் டிக் டிக் என்று அடித்துவிட்டு நிற்கவேண்டும். நிற்காமல் அடித்தால், காபரேற்றர் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கவேண்டிய மிதவை ஊசி மூடவில்லை, இல்லாவிட்டால் குழாயில் எங்கேயோ ஓட்டை. அதிக நேரம் அப்படியே விடாதீர்கள், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கொயில் சூடாகும்.

சிறு ஒழுக்கு உடனே காய்ந்துவிடுவதால் கண்ணில் படாது. எஞ்சின் ஆறியதும் இணைப்புகளைத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவிப் பாருங்கள், ஈரம் பட்ட இடம் திட்டாகத் தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்தானே இவை, அந்தக் காலத்து றப்பர் ரியூப்போடு இன்னும் ஓடுபவையும் இருக்கலாம். மடித்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அப்புறம், பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கதவைத் திறந்துவைத்து, பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் ரியூப்பில் கைவைக்க வேண்டும். பீடி, சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.