மலையில் மழை பிடித்தால் யார் யாருக்குத் தகவல் சொல்வது?

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன், வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டம் போடியில். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆகஸ்ட் மழையில் எல்லையில் இருக்கும் போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்றுபோனது. நாங்கள் ஒன்பது பேர் மேலேயே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தங்கிவிட்டோம். அடுப்பு இருந்தது, அரிசி இருந்தது, ஒரு குறையும் இல்லை. கீழே வீட்டில்தான் கலவரம். அம்மா, அக்கா, மாமா, அக்கா வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு மாற்றி மாற்றி போன் அடித்து, ஒவ்வொருவரிடமும் நான் ஒரே கதையைச் சொல்லி, இருந்த சார்ஜும் ராத்திரி எட்டு மணிக்குத் தீர்ந்தது. ஸ்விட்ச் ஆஃப் என்று வந்த பிறகுதான் வீட்டில் நிஜமான அழுகையே ஆரம்பித்ததாம். அதாவது நான் நன்றாக இருக்கிறேன் என்று நாலு பேருக்கும் தெரிந்த பிறகு!

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. மேலே இருப்பவர் கூப்பிடுவது ஒரே ஒருவரை. மற்ற எல்லோரும் அந்த ஒருவரிடம்தான் கேட்க வேண்டும், மேலே இருப்பவருக்கு யாரும் அடிக்கக் கூடாது. அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாசம் அதிகம் உள்ளவர் வேண்டாம், அவர் அழத்தான் செய்வார். மழை பெய்யும் ஊரிலேயே இருப்பவரும் வேண்டாம், அங்கேயும் கரண்ட் போயிருக்கும், டவர் படுத்திருக்கும். எங்களுக்கு மதுரையில் இருக்கும் சித்தப்பா. பலசரக்குக் கடை, எப்போதும் கல்லாவில்தான் இருப்பார், கேட்டதைக் கேட்டபடி எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். அவருடைய நம்பரை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் உட்பட. போன் தண்ணீரில் போய்விட்டால் அடுத்தவர் போனை வாங்கிக் கூப்பிட நம்பர் தெரிய வேண்டாமா? எனக்கே சம்சாரத்தின் நம்பர் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, என்ன சொல்வது? மழை நாளில் போன் கால் போகாத இடத்துக்கும் எஸ்எம்எஸ் போய்விடும். சிக்னல் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தாலும் போதும், அந்தப் பக்கம் போன் அணைந்திருந்தாலும் பிறகு போய்ச் சேரும். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யார், எங்கே, எப்போது, கூட எத்தனை பேர். ‘நலம்’ என்று மட்டும் அனுப்புகிறார்கள் பாருங்கள், அது நேற்று அனுப்பியதா இன்றைக்கா என்று தெரியாமல் மண்டை காயும். செல்வி என்று ஒருவர் இருந்தால் இப்படி: ‘செல்வி, பூப்பாறை ஸ்கூல் கேம்ப், வியாழன் காலை 7 மணி, 4 பேரும் நலம்.’ இதை வேண்டுமென்றே எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி எழுத்தாகக் கணக்காகும், மேலே உள்ளது 66. தாண்டினால் இரண்டாக உடைந்து, பாதி வந்து பாதி வராமல் கிடக்கலாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தால் 160 வரை போகலாம், பிழையைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். அதனால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மணிக்கு ஒரு தடவை, மணி அடித்ததும் ஐந்து நிமிஷம் மட்டும் திறந்து பார்ப்பது. இதை முன்பே பேசி வைத்தால்தான் பலன், இல்லாவிட்டால் நீங்கள் மூடியிருக்கும் நேரத்தில் அவர் அடித்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் மீட்பு ஆட்களிடம் இடம் சொல்வது. இது நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நாம் ‘மேல் லயம்’, ‘பழைய பங்களா லைன்’ என்று சொல்வோம், ஃபயர் ஃபோர்ஸ்காரருக்கு அது எந்த மலை என்று எப்படித் தெரியும்? பஞ்சாயத்துப் பெயர், வார்டு, எஸ்டேட்டின் டிவிஷன், பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடம் அல்லது சர்ச், இதை ஒரு தாளில் எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். மேப்பில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், இடுக்கியில் முதலாவது 9 அல்லது 10-இல் தொடங்கும், இரண்டாவது 76 அல்லது 77-இல். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். நெட் இல்லாத நாளில் வாட்ஸ்அப் லொக்கேஷன் போகாது, இந்த எண்கள் எஸ்எம்எஸ்ஸில் போகும்.

1077 என்பது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 112 எல்லா அவசரத்துக்கும். எல்லையில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மெட்டில் நின்று அடித்தால் எந்த மாநில டவர் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய் விழலாம். போடியில் இருந்துகொண்டு இடுக்கியில் மாட்டியவருக்காக 1077 அடித்தால் தேனி கலெக்டர் ஆபீஸ்தான் எடுக்கும், அதனால் முன்னால் 04862 சேர்க்க வேண்டும். இடுக்கியில் இருந்து தேனியைக் கேட்க 04546. மலையாளம் தட்டுத்தடுமாறினாலும் ‘உருள்பொட்டல்’, அதாவது நிலச்சரிவு, என்ற சொல்லைச் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதெல்லாம் போன் இருந்தால். போனே இல்லாத ராத்திரிக்கு என்ன செய்வது? 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் உருள்பொட்டி லயங்கள் மண்ணுக்குள் போனபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியே சேதி தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள், கயத்தாறு பக்கம் சொந்தம் உள்ளவர்கள். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் எழுத வரவில்லை.

எங்கள் தோட்டத்து லயத்தில் இப்போது சாக்பீஸ் வைத்திருக்கிறோம். ஆரஞ்சு அலர்ட் என்றாலே, அதாவது ஒரு நாளில் 115 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரும் என்றாலே, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவர் கதவு கதவாகப் போய் உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டு கதவு நிலையில் எண்ணை எழுதுவார். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதக் கூடாது. கம்பத்தில் இருந்து வந்து தங்கிய மாமியார், நைட் வாட்ச்மேன், புதிதாக வந்திருக்கும் ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் யாரும் கார்டில் இருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் ஊர் நம்பர் ஒன்றையாவது வாங்கி வைப்பது நம் பொறுப்பு, அவர்களுக்காகக் கேட்க இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டைக் காலி செய்து கேம்புக்குப் போனால் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு எங்கே போனோம் என்று அதே நிலையில் எழுதிவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை ஒரு வீட்டில் எழுதாமல் போய்விட்டார்கள், நாங்கள் அரை மணி நேரம் பூட்டிய கதவை இடித்துக்கொண்டு நின்றோம், உள்ளே ஒரு கோழிதான் இருந்தது.

ஜீப்பில் வந்து போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். காலையில் ஏறியது எத்தனை பேர், சாயங்காலம் இறங்கியது எத்தனை பேர் என்று டிரைவர் ஒரு நோட்டில் எழுதினால் போதும். மெட்டு ரோட்டில் நின்றுபோனால் கீழே ஒருவருக்கு மட்டும் சொன்னால், அவர் மற்ற வீடுகளுக்கு நடந்து போய்ச் சொல்லிவிடுவார்.

ஒன்று பாக்கி. ஆள் கிடைத்துவிட்டால் அதைச் சொல்லுங்கள். 2018 கேரள வெள்ளத்தில் ‘இந்த வீட்டில் கர்ப்பிணி மாட்டியிருக்கிறார்’ போன்ற சேதிகள், ஆளை மீட்டு முடித்த பிறகும் தேதி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன, படகு போய்ப் போய்த் திரும்பியது. நீங்கள் அனுப்பியதை நீங்களே அழியுங்கள், அழிக்க முடியாவிட்டால் அதன் கீழேயே ‘கிடைத்துவிட்டார், வெள்ளி மாலை 4 மணி’ என்று போடுங்கள். அணை உடைந்தது என்று யாராவது ஆடியோ அனுப்பினால் தேதியும் பெயரும் இல்லாதவரை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். முல்லைப் பெரியாறு எங்கள் போன்களில் வருஷத்துக்கு மூன்று தடவையாவது உடைகிறது.

எங்கள் அம்மா இப்போது எனக்கு அடிப்பதில்லை. சித்தப்பாவுக்கு அடிக்கிறார், இருபது தடவை. கடையில் இருப்பவர் பாவம், ஆனால் அவரிடம் சார்ஜர் இருக்கிறது.