நிரலை வாங்குவதற்கு முன் நிபந்தனையைப் பேசுங்கள்: திறந்த மூலத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கிளிநொச்சியில் மாணவர்கள் சிலர் தாங்கள் திறந்த மூலமாக, அதாவது எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியதாக, எழுதிவரும் செயலியின் களஞ்சியத்தை (நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் இடத்தை) திறந்து காட்டினார்கள். குளத்து நீர்மட்டத்தையும் மழைவீழ்ச்சியையும் கமக்காரரின் கைபேசிக்குத் தமிழில் அனுப்பும் செயலி அது. நிரல் நேர்த்தியாக இருந்தது. ஆனால் பதினொரு பங்களிப்பாளர்களில் பதினொருவருக்கும் முழு நிர்வாக அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. யார் எந்த நிபந்தனையில் எழுதித் தந்தார் என்பதற்கு ஒரு வரிப் பதிவுகூட இல்லை. இதே தவறுகளை நானும் செய்து, அவற்றைத் திருத்துவதில் ஒரு சிறுபோகப் பயிர்ப்பருவம் முழுவதையும் இழந்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். கடவுச்சொல்லைப் பகிராதீர்கள் என்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

உரிமத்தையும் உடைமையையும் ஒன்றென எண்ணுதல்

வன்னியில் காணி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்கத் தேவையில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் அந்தக் காணியில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் நினைத்தவருக்கு நினைத்தபடி விற்க முடியாது. உறுதி, அதாவது உடைமைப் பத்திரம், உள்ள காணி அப்படியன்று. திறந்த மூல உரிமம் அனுமதிப்பத்திரத்தைப் போன்றது. உங்கள் திட்டத்துக்கு ஒருவர் நாற்பது வரி எழுதித் தந்தால், அந்த நாற்பது வரிகளின் உறுதி அவர் பெயரிலேயே இருக்கிறது; உங்களிடம் இருப்பது அவற்றைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பதிப்புரிமை பெறும் ஆக்கமாகவே கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். திட்டத்தைத் தொடங்கியவர் நான், ஆகவே எல்லாம் என்னுடையது என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நிபந்தனையைப் பேசாமல் நிரலை வாங்குதல்

இன்றுவரை என்னை உறுத்தும் தவறு இதுதான்.

எங்கள் செயலி, சிறுபோகத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதைக் கமக்காரருக்குக் குறுஞ்செய்தியாக அறிவிப்பது. தொடங்கும்போது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலைப் பார்த்து, அதைப்போலவே ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் மட்டும் என்று ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதினேன். ‘மட்டும்’ என்ற அந்தச் சொல்லின் கனத்தை நான் அப்போது அறியவில்லை. இணைய இணைப்பு சீராக இல்லாத காலம் அது. பரந்தன் சந்தித் தேநீர்க் கடையில் சிலர் பென் டிரைவில் தந்த திருத்தங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து என் பெயரிலேயே கமிட் செய்தேன், அதாவது களஞ்சியத்தில் பதிந்தேன். எழுதியவர் யார் என்ற விவரத்தை இப்படி நானே என் கையால் அழித்தேன். வேறு சிலர் தொடர்பாடல் நிலையங்களின் பொதுக் கணினிகளிலிருந்து அனுப்பினார்கள். ‘அட்மின்’ என்ற பெயரில் மட்டும் 37 கமிட்டுகள் சேர்ந்திருந்தன.

பின்னர் நீர்மட்ட வரைபடத்தைக் காட்டுவதற்கு அப்பாச்சி 2.0 என்ற வேறொரு திறந்த மூல உரிமத்திலுள்ள ஒரு நிரல் நூலகம் தேவைப்பட்டது. 2004 ஆம் ஆண்டின் அந்த உரிமத்திலுள்ள காப்புரிமை (கண்டுபிடிப்புக்கான உரிமை) நிபந்தனைகளுக்கு 1991 ஆம் ஆண்டின் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இடம் தராது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007 இல் வந்த மூன்றாம் பதிப்பு இடம் தருகிறது. ஆகவே நாங்கள் மூன்றாம் பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது. நிரலின் பகுதிகள் பலருடைய உடைமையாக இருந்தபடியால், மாறுவதற்கு அவர்கள் ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்பட்டது.

நினைவிலிருந்து எடுத்த பட்டியலில் 19 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒரு கிழமைக்குள் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டிருந்தார்; புதுக்குடியிருப்பிலுள்ள அவருடைய சித்தியிடம் போய்த்தான் புதிய தொலைபேசி இலக்கத்தைப் பெற்றேன். இன்னொருவர் விபத்தொன்றில் இறந்துபோயிருந்தார். அவருடைய உரிமை வாரிசுகளுக்குச் சென்றிருக்கும் என்பதால் முரசுமோட்டைக்குப் போய் அவருடைய தாயாரைச் சந்தித்தேன். நான் அச்சிட்டுக் கொண்டுபோன கடதாசியை அவர் வாசித்துப் பார்க்கவில்லை. “தம்பி, இதில அவன்ர பேர் இருக்குமோ?” என்று மட்டும் கேட்டார். இருக்கும் அம்மா என்றேன். அந்த வீட்டு விறாந்தையில் இருந்தபோது, களஞ்சியத்தில் அவருடைய மகனின் பெயர் அதுவரை ஓரிடத்திலும் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மகன் தந்த திருத்தங்கள் எல்லாம் பென் டிரைவில் வந்தவை. அன்றிரவே பங்களிப்பாளர் கோப்பில் முதற்பெயராக அவருடைய பெயரை எழுதினேன்.

‘அட்மின்’ யார் என்பதை இறுதிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் எழுதிய பகுதியோ சாதாரணமானதன்று. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துக்குறிகளே அடங்கும், ஆங்கிலத்துக்கு உள்ளதுபோல 160 அல்ல. நீண்ட செய்தியைத் துண்டாக்கும்போது ‘கொ’ என்ற எழுத்தின் மெய் ஒரு செய்தியிலும் உயிர்க்குறி அடுத்த செய்தியிலும் போய்விடாமல் பார்த்துக்கொண்டது அந்தப் பகுதிதான். அதை நீக்கிவிட்டு, பழைய நிரலைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதுவித்தோம். ஏழு கிழமைகள் சென்றன. அதற்குள் தண்ணீர் திறந்தாயிற்று. அந்தச் சிறுபோகத்தில் எங்கள் செயலி எவருக்கும் உதவவில்லை.

பெரிய திட்டங்களும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் தன் பழைய உரிமத்திலிருந்து அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறுவதற்காக 2017 இல் பழைய பங்களிப்பாளர்களைத் தேடித் தொடர்புகொள்ளத் தொடங்கியது. புதிய உரிமத்துடன் 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டெம்பரில்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல, ஆனால் முதற் திருத்தத்தை ஏற்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை. ஜிபிஎல் என்றால் ‘அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு’ என்ற சொற்கள் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தெரிந்தே முடிவு செய்யுங்கள். எழுதியவரின் பெயரிலேயே கமிட் பதிவாகட்டும். பென் டிரைவில் வந்தாலும் ஆசிரியர் பெயரைத் தனியாகக் குறிக்கும் வசதி, மாற்றங்களைப் பதியும் மென்பொருளான கிட்டில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பின்பற்றும் மூலச் சான்றுறுதியைக் கேளுங்கள். இந்த நிரலைத் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு, திட்டத்தின் உரிமத்தின் கீழேயே தருகிறேன் என்று பங்களிப்பவர் ஒவ்வொரு கமிட்டிலும் ஒரு வரியில் பெயர் வைப்பதுதான் அது. எஸ்சிஓ நிறுவனம் 2003 இல் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கு, நிரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பெரிதாக எழுப்பியதைத் தொடர்ந்து வந்த நடைமுறை இது. ஆனால் இந்த வரி பின்னாளில் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை உங்களுக்குத் தராது. அந்த அதிகாரம் வேண்டுமென்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றை எழுத்தில் பெற வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணும் புதியவர்களை அடிக்கடி காண்கிறேன்.

எல்லா உரிமையையும் எழுதி வாங்குதல்

மேலே சொன்னதைக் கேட்டவுடன் சிலர் மறுகரைக்குப் போய், பதிப்புரிமை முழுவதையும் தமக்கு மாற்றித் தரும்படி கேட்கிறார்கள். சிறிய திட்டத்துக்கு அது தேவையில்லை. பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீண்டகாலம் கேட்டுவந்த, நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி திட்டமே 2021 இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு மூலச் சான்றுறுதியையும் ஏற்கத் தொடங்கியது. பங்களிப்பவர்களும் ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையொப்பமிடக் கூடாது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஓகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் மென்பொருளைத் திறந்த மூலம் அல்லாத உரிமத்துக்கு மாற்றியபோது, பங்களித்தவர்களிடம் மீண்டும் சம்மதம் கேட்க வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. அவர்கள் முன்பு ஒப்பமிட்ட ஒப்பந்தமே போதுமாயிருந்தது.

தொழில் தருநரை மறத்தல்

வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பொருளாதார உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே உரியது. கொழும்பில் மென்பொருள் வேலை செய்துகொண்டு இரவில் ஊர்த் திட்டத்துக்கு எழுதும் தம்பிமாரிடம், அவர்களின் நியமனக் கடிதம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள். பங்களிப்பவர் 18 வயது நிரம்பாத மாணவர் என்றால் நாங்கள் பெற்றோரின் கையொப்பத்தையும் பெறுகிறோம்.

சொற்பட்டியலுக்கு உரிமம் இல்லை என எண்ணுதல்

செயலியில் சேர்க்கும் தமிழ்ச் சொற்பட்டியலும் ஒருவரின் ஆக்கமாக இருக்கலாம்; அகராதியிலிருந்து தட்டச்சு செய்த பட்டியலை ஏற்க வேண்டாம்.

நன்றிக்கடனாக அனுமதி கொடுத்தல்

நாலு நல்ல திருத்தம் தந்தவருக்கு எழுதும் அனுமதியைக் கொடுப்பது நம்மிடையே ஒரு மரியாதையாகிவிட்டது. மரியாதையைப் பங்களிப்பாளர் பட்டியலில் காட்டலாம்; குளத்துத் துலுசின் (மதகின்) திறப்பை ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் அமைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் வாசித்தல், வழுக்களை வகைப்படுத்தல், எழுதுதல், பராமரித்தல், நிர்வாகம் என்று ஐந்து படிகள் கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு முதலிரண்டு படிகள் போதும், ஏனெனில் திருத்தம் அனுப்புவதற்கு எழுதும் அனுமதி தேவையே இல்லை.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் நடந்ததை ஒவ்வொரு பராமரிப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் ஈராண்டுக்கு மேலாகப் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார். தனியாளாக அந்தக் கருவியைப் பேணிவந்தவரை, வேலை மெதுவாக நடக்கிறது என்று வேறு பெயர்களில் வந்தவர்கள் நெருக்கினார்கள். இறுதியில் ஜியா டானுக்கும் பராமரிப்பு அனுமதி கிடைத்தது, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியமாக உள்ளே வர வழிவிடும் பின்கதவு நுழைந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைக் கணினிக்குள் செல்லும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதை விடாமல் துருவிச் சென்று, 2024 மார்ச் 29 இல் அதை வெளிப்படுத்தினார். களைத்திருக்கும்போது உதவ வருபவரிடம் திறப்பைக் கொடுக்கத்தான் மனம் வரும். அந்த நேரத்தில் முடிவெடுக்காமல் இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவருடன் பேசிய பின் கொடுங்கள். வெளியீடுகள் உருவாகும் பிரதான கிளையில் எவரும், நீங்கள் உட்பட, இன்னொருவர் பார்வையிடாமல் எதையும் இணைக்க முடியாதபடி பூட்டுங்கள்.

விலகியவரின் அனுமதி

அதே நாளில் நீக்குங்கள், நன்றி சொல்லி.

டொமைன் பெயரை ஒருவரிடம் மட்டும் வைத்தல்

திட்டத்தின் இணைய முகவரியான அதன் கணக்கு இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

அந்த மாணவர்கள் அன்று மாலையே நிர்வாக அனுமதியைப் பதினொருவரிலிருந்து மூவராகக் குறைத்தார்கள். மறுநாள் பங்களிப்பு விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, முன்பு எழுதித் தந்த எல்லோரிடமும் சம்மதம் பெறத் தொடங்கினார்கள். இன்னும் ஒருவர் மட்டுமே மிச்சம். விடுமுறைக்கு மன்னாருக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து பெயர் வைக்கும்வரை புதிய எதையும் இணைப்பதில்லை என்று களஞ்சியத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.