மூளைக் கட்டிக்கு ஊசி வந்திட்டுதாம்: செய்தி கேட்டவுடன் நாங்கள் விடுகிற பிழைகள்

மாமாவுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த மூன்றாம் நாளே கனடாவிலிருந்து மச்சானின் வட்ஸ்அப் வந்துவிட்டது. "மூளைக் கட்டிக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சிட்டாங்களாம். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ." அது 2022 கார்த்திகை. தருமபுரத்து வீட்டில் மாமி அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கொடுத்து வாசிக்கச் சொன்னா. ஒரு கிழமையில் காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்தா.

மாமா இப்போது இல்லை. அவரோடு கிளினிக் கிளினிக்காக அலைந்தவள் நான் என்பதால், விசுவமடு, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் இந்த வருத்தம் வந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் அந்த ஊசிதான். நாங்கள் விட்ட பிழையை அவர்களும் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிழை அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. தடுப்பூசி என்றால் பிள்ளை பிறந்தவுடன் போடுகிற பி.சி.ஜி. மாதிரி, போட்டால் வராது என்று நினைக்கிறோம். இது அதுவல்ல. கட்டி வந்த பிறகு, உடம்பின் நிர்ப்பீடனத்துக்கு, அதாவது நோயெதிர்ப்புச் சக்திக்கு, அந்தக் கட்டியை அடையாளம் காட்டிக் கொடுக்கிற சிகிச்சை. மச்சான் அனுப்பிய செய்தியில் இருந்தது டி.சி.வாக்ஸ் என்ற ஊசி. நோயாளியின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, எதைத் தாக்க வேண்டும் என்று நிர்ப்பீடனத்துக்குக் காட்டுகிற டென்ட்ரிட்டிக் கலங்களாக வளர்த்து, அவரிடமிருந்து வெட்டியெடுத்த கட்டியையே அவற்றுக்குக் காட்டி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். 331 பேர் சேர்ந்த ஆய்வு. கிளியோபிளாஸ்டோமா என்ற, மூளையிலேயே தொடங்கி வேகமாக வளர்கிற புற்றுக்கட்டி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நடு ஆயுட்காலம் (பாதிப்பேர் உயிரோடு தாண்டிய காலம்) ஊசி போட்டவர்களுக்கு 19.3 மாதம், போடாதவர்களுக்கு 16.5 மாதம் என்று வந்தது. ஆனால் அந்தப் போடாதவர்கள் வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்த ஆட்கள். அதனால்தான் வைத்தியர்களுக்குள் இன்றைக்கும் வாக்குவாதம். மூன்று மாத வித்தியாசம் சின்ன விசயமில்லை. ஆனால் "கண்டுபிடிச்சிட்டாங்கள்" என்ற சொல்லுக்குள் அது அடங்காது.

ஆகவே செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? 2024 இல் பொஸ்டனில் கார்-டி கலங்களை (கட்டியைத் தாக்கும்படி மாற்றிய, நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை) மூளைக்குள் செலுத்தியபோது சில நாட்களிலேயே கட்டி சுருங்கியது உண்மை. பார்த்தது 3 பேரில், அதில் இருவருக்குத் திரும்ப வளர்ந்தது. அதே ஆண்டு புளோரிடாவில் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டது 4 பேருக்கு. ரிண்டோபெபிமுட் என்ற ஊசிக்கும் ஆரம்ப ஆய்வுகள் பெரிய நம்பிக்கை தந்தன. 745 பேரைச் சேர்த்து, சீட்டுப் போட்ட மாதிரிப் பிரித்துப் பார்த்தால், ஒப்பரேஷனில் கட்டி பெரும்பாலும் அகற்றப்பட்டவர்களில் ஊசி போட்டவர்களுக்கு 20.1 மாதம், மற்றவர்களுக்கு 20.0 மாதம். 2016 இல் அந்த ஆய்வை நிறுத்தினார்கள். ஒரே கட்டிக்குள் கலங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஓர் அடையாளத்தைப் பிடித்துத் தாக்கினால் அந்த அடையாளம் இல்லாதது தப்பிவிடுகிறது. நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் பிடிவாதமாகத் தேடுகிறார்கள், அதை நான் மனதார மதிக்கிறேன்.

இன்னொரு குழப்பம். "இன்னாருக்கு அந்த ஊசியில சுகமாம்" என்று சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் அவருக்கு இருந்தது வேறு இடத்திலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைக்குப் பரவி, அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, நிர்ப்பீடனத்தைத் தூண்டிவிடுகிற இம்யூனோதெரபி மருந்துகள் பலன் தந்ததை 2018 இல் காட்டினார்கள். அந்த மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப்பைத் திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கொடுத்தபோது ஆயுள் கூடவில்லை. மூளையிலேயே தொடங்கியதா, பரவியதா? இதை வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஊசிக்காகக் காத்திருந்து, கையில் இருக்கிற சிகிச்சையைப் பிந்தவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. ஒப்பரேஷன், பிறகு கதிர்ச் சிகிச்சை, அதோடு டெமோசோலமைட் குளிசை. 2005 இல் வந்த ஆய்வில், இரண்டு வருசம் தாண்டியவர்கள் கதிர் மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர், குளிசையும் சேர்த்தவர்களில் இருபத்தாறு பேர். கதிர் வழக்கமாக ஆறு கிழமை, முப்பது தரம். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் போகிற எங்கட ஆட்கள் இடையில் நாள் விடுவது பெரும்பாலும் பஸ்ஸுக்கும் தங்குகிற இடத்துக்கும் வழியில்லாமல்தான். வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்ப ஆசைப்பட்டால் முதலில் இதற்கு அனுப்பட்டும்.

குளிசை என்றவுடன் ஞாபகம் வருகிறது, எங்கள் வீட்டில் நடந்த மோசமான காரியம். மூளை வீக்கத்துக்கு மாமாவுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்திருந்தார்கள். ஸ்டீரொயிட் நிர்ப்பீடனத்தை அமத்தும், ஊசி வேலை செய்யாது என்று யாரோ மச்சானுக்குச் சொல்ல, அவன் மாமிக்குச் சொல்ல, மாமி குளிசையை நிறுத்திவிட்டா. இரண்டாம் நாள் தலையிடி. மூன்றாம் நாள் விடிய சத்தி, வலது கையில் தேத்தண்ணிக் கோப்பை நிற்கவில்லை, சீமெந்து நிலத்தில் விழுந்து உடைந்தது. மாமா கோப்பையைப் பார்க்கவில்லை, தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டோவில் கிளிநொச்சிக்கு ஓடினோம். ஸ்டீரொயிட் நிர்ப்பீடனத்தை அமத்தும் என்பது உண்மை, இம்யூனோதெரபி ஆய்வுகளில் அதன் அளவைக் குறைக்கப் பார்ப்பதும் உண்மை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும், உடம்பு தன் பாட்டில் சுரக்கிற ஸ்டீரொயிட்டும் உடனே பழையபடி வராது. குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லி, படிப்படியாக.

வன்னியில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. இந்த வருத்தத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான்தான் முக்கியமான சோதனை. "உடம்பில இரும்பு ஏதும் இருக்கா?" என்று கேட்டபோது மாமா இல்லை என்றார். ஒப்பரேஷனில் வைக்கிற தகட்டைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். "தோளில செல் துண்டு இருக்கெல்லே" என்று மாமி கதவடியில் நின்று சொன்னா. 2009 இல் யுத்தத்தில், மாத்தளனில் செல் விழுந்து வெடித்தபோது பட்டது. உடனே நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, எங்கே எவ்வளவு பெரிது என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஸ்கானரின் காந்தம் இரும்பை இழுக்கும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் என்றால் ஆபத்து. செல் துண்டோ சன்னமோ, கடுகளவு என்றாலும், கேட்க முதலே சொல்லுங்கள்.

கட்டியின் துண்டைப் பற்றி ஒப்பரேஷனுக்கு முதலே கேட்க வேண்டும். டென்ட்ரிட்டிக் ஊசி செய்வதற்கு வெட்டிய உடனே குளிரில் உறையவைத்த துண்டு தேவை. துண்டு பழுதாகாமல் இருக்கப் போடுகிற போர்மலின் திரவத்தில் போட்டது அதற்கு உதவாது. நாங்கள் கேட்டது இரண்டு மாதம் கழித்து. மெழுகுக் கட்டையாக வைத்திருப்பது வேறு சோதனைகளுக்கு உதவும், ஐ.டி.எச்., எம்.ஜி.எம்.டி. என்ற, கட்டியின் இரண்டு மரபணு அடையாளங்களையும் அதில் பார்க்கலாம். பயொப்சி அறிக்கையின் பிரதியை வாங்கி வையுங்கள்.

கதிர் முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கானில் கட்டி பெருத்ததுபோல் தெரியலாம். சிலவேளை அது சிகிச்சையின் வீக்கம்தான். இம்யூனோதெரபியிலும் அப்படி நடக்கும். அறிக்கையை நீங்களே வாசித்து இருக்கிற மருந்தை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் காசு. ஒழுங்கான ஆய்வு பதிவு செய்யப்பட்டிருக்கும், பதிவிலக்கம் இருக்கும், சோதிக்கிற மருந்துக்கு நோயாளியிடம் வழக்கமாகக் காசு வாங்கமாட்டார்கள். மச்சான் பிடித்துத் தந்த ஒரு இடத்துக்கு நான் தொலைபேசியில் பேசி அந்த இலக்கத்தைக் கேட்டேன். "முதல்ல முற்பணத்தைக் கட்டுங்கோ, பிறகு எல்லாம் அனுப்புறம்" என்றார்கள். மாமாவே போனை வாங்கி வைத்துவிட்டார்.

மாமி உறுதியைத் திரும்பவும் றங்குப் பெட்டிக்குள் வைத்தா. நடக்க ஏலுமாக இருந்த மட்டும் மாமா பின்னேரங்களில் அந்தக் காணிக் கிணற்றடியில்தான் போய் இருந்தார்.