ஆடு மாடு ஜீனோமில் சாட்டிலைட் எண்ணுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் எங்கள் லேபுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ எப்படி மாறி வந்தது என்று பார்க்க வேண்டும். அதில் ஒரே வரிசை அடுத்தடுத்து அடுக்கி நிற்கும் வகைக்குத்தான் சாட்டிலைட் என்று பெயர். ஃபைல் பெயரைக் குழப்புவது மாதிரிச் சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் இடறிய கல்லிலேயே இவர்களும் இடறுகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

வெளியான ஜீனோமில் எண்ணி முடிவு கட்டுவது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு தம்பி மாட்டு ஜீனோமை டவுன்லோடு செய்து 1.715 சாட்டிலைட்டைத் தேடினான், சொற்பமாகக் கிடைத்தது. உடனே "மாட்டில் சாட்டிலைட் சுருங்கிவிட்டது" என்று அரை அத்தியாயம் எழுதி, அதை உறுதிப்படுத்த ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டி சீக்வென்ஸிங்கும் (டிஎன்ஏ எழுத்துகளை மெஷினில் படிப்பது) செய்துவிட்டு, அப்புறம் வந்து "அக்கா, கணக்கு சரியாத்தானே வருது" என்கிறான். கணக்கு சரி, எண்ணிய இடம்தான் தப்பு.

அந்த 1.715 என்பதே அடர்த்தி எண். சீசியம் குளோரைடில் சுழற்றினால் மற்ற டிஎன்ஏவிலிருந்து பிரிந்து தனிப் பட்டையாக நிற்கும். ஜீனோம் படிக்கும் வசதியே இல்லாத காலத்தில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். தனிப் பட்டையாகத் தெரியும் அளவுக்கு இருப்பது சொற்பமாக இருக்குமா?

ஒரு பிரதி சுமார் 1,400 எழுத்து, அதே வரிசை அடுத்தடுத்து ஆயிரக்கணக்கில். மெஷின் படித்துத் தரும் 150 எழுத்துத் துண்டை வைத்து அது எந்தப் பிரதி என்று கேட்பது, மாவிலைத் தோரணத்தில் ஒரே ஓர் இலையைக் காட்டி எத்தனையாவது என்று கேட்பது போல. துண்டுகளைச் சேர்த்து ஜீனோமாகக் கட்டும் மென்பொருள் எல்லாவற்றையும் அமுக்கி ஒன்றிரண்டாக்கிவிடும். 2017இல் வந்த வெள்ளாட்டு ஜீனோம் நீண்ட துண்டுகளை வைத்துக் கட்டியது, பழைய செம்மறி ஜீனோம் குட்டித் துண்டுகளை வைத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது மிருகங்களை அல்ல, மெஷின்களை.

எனவே ஜீனோமாகக் கட்டாத மூலத் துண்டுகளில் எத்தனை சதவீதம் சாட்டிலைட் என்று பாருங்கள். மூன்று மிருகத்துக்கும் ஒரே கிட், பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குவது) இல்லாத லைப்ரரி, அதாவது மெஷினுக்குத் தயார்செய்த டிஎன்ஏ. பிசிஆர் வைத்தால் சாட்டிலைட் மாதிரி ஜி, சி எழுத்துகள் மிகுந்த வரிசை குறைந்து வரும். தம்பி பணம் கட்டியது பிசிஆர் வைத்த லைப்ரரிக்கு. மறுபடி முதலிலிருந்து.

சாட்டிலைட் பிரைமரால் ஆட்டிறைச்சியைப் பிரிப்பது

சௌகிட் சந்தையில் வாங்கியது செம்மறியா வெள்ளாடா என்று பார்க்க ஆடுகளின் 1.714 சாட்டிலைட்டை எடுக்காதீர்கள். இரண்டிலும் சுமார் 820 எழுத்து, வரிசையும் அவ்வளவு நெருக்கம். பிரைமர், அதாவது பிசிஆரில் வரிசையைத் தேடி ஒட்டும் குட்டி டிஎன்ஏ, இரண்டிலும் ஒட்டும். பிரதிகள் ஏராளம் என்பதால் கத்தியில் ஒட்டியிருந்த துளிகூட பட்டை காட்டும். அதை வைத்துக் கலப்படம் என்று யார் மேலும் பழி போடாதீர்கள்.

ரிபீட்மாஸ்கரில் இனத்தைக் குறிக்காமல் ஓட்டுவது

திரும்ப வரும் டிஎன்ஏவைத் தேடித் தரும் மென்பொருள் இது. இனத்தைக் குறிக்காவிட்டால் மனிதன் என்று எடுத்துக்கொள்ளும். மாட்டில் போய், மனிதனிடம் உள்ள ஆலு என்ற வரிசையைத் தேடுவீர்கள்.

செம்மறிக்கு 54 குரோமோசோம்தான், டிஎன்ஏ தொலைந்தது என்பது

மாட்டையும் வெள்ளாட்டையும் விட எண்ணிக்கை குறைவுதான், ஆனால் பெரிதாக எதுவும் தொலையவில்லை. ஆறு ஜோடி ஒட்டி மூன்று ஜோடியாயிற்று.

பவ்-பி பாம்போடு சேர்ந்தால் மாசு என்று எறிவது

எறியாதீர்கள். பவ்-பி என்பது ஜீனோமில் தன்னையே நகலெடுத்துப் பரவும் டிஎன்ஏ, இனம் விட்டு இனம் தாவுவது. உண்ணிகள் கடத்தியிருக்கலாம் என்று 2013இலேயே எழுதிவிட்டார்கள். பவ்-பி வரிசைகளை வைத்து உறவு மரம் வரைந்தால் மாடு பாம்புக்குப் பக்கத்தில்தான் உட்காரும். அதை வைத்து இனங்களின் உறவைச் சொல்லக் கிளம்பாதவரை சரி.