மண்சரிவு எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்? டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் வைத்து வழிப்படுத்தும் முறை

மண்சரிவு எச்சரிக்கையை இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் வெளியிடுகிறது. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்காக நான் எழுதிய செயலியில் மஞ்சள் என்றால் தோட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல். சிவப்பு என்றால் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உள்ள எல்லோருக்கும் குறுஞ்செய்தி, கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. இதை ‘இஃப்’ அடுக்குகளாக எழுதினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலைக் கிளற வேண்டிவரும். அதற்குப் பதில் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்: ஒரு கிளாஸுக்குத் தேவையானவற்றை அதுவே உருவாக்காமல் வெளியிலிருந்து கொடுக்கும் முறை. சி ஷார்ப்பும் டொட் நெட் 8 உம் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ‘அனுப்பி’ என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதில் ஒரே ஒரு மெத்தட். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, ஒலிபெருக்கி மூன்றுக்கும் தனித்தனிக் கிளாஸ்.

படி 2: தொடக்கக் கோப்பில் ஒவ்வொன்றையும் ஒரு சாவியோடு (அதை அடையாளம் காட்டும் பெயர்), ‘ஸ்கோப்ட்’ ஆக, அதாவது ஒரு ஸ்கோப் திறந்து மூடும்வரை மட்டும் வாழ்வதாகப் பதியுங்கள். சாவியோடு பதியும் வசதி 2023 இல் டொட் நெட் 8 உடன் வந்தது. சாவியில்லாமல் மூன்றையும் பதிந்துவிட்டு ஒன்றைக் கேட்டால் கடைசியாகப் பதிந்ததுதான் கைக்கு வரும். இதற்காக ஆட்டோஃபேக் என்ற வெளிக் கன்டெய்னரைத் தேடிப் போகாதீர்கள். டொட் நெட்டின் கூடவே வரும் கன்டெய்னரே (பதிந்தவற்றை உருவாக்கிக் கொடுக்கும் பகுதி) தாராளம்.

படி 3: எந்த மட்டத்துக்கு எந்தச் சாவிகள் என்பதை ஜேசன் கோப்பில் எழுதுங்கள்.

படி 4: இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும். செய்திகளைப் பிரித்து அனுப்பும் வழிகாட்டி, பின்னணியில் ஓயாமல் ஓடும் சேவை. ஆகவே அது ‘சிங்கிள்டன்’: செயலி ஓடும்வரை ஒரே ஒரு பிரதி. தொலைபேசி எண்களை வைத்திருக்கும் தரவுத்தள கான்டெக்ஸ்ட்டோ ‘ஸ்கோப்ட்’. அதை வழிகாட்டியின் கன்ஸ்ட்ரக்டரில் நேரடியாக வாங்கினால், உங்கள் கணினியில், அதாவது டெவலப்மென்ட் சூழலில், தொடக்கத்திலேயே பிழை காட்டும். புரொடக்‌ஷனில் அந்த ஸ்கோப் சோதனை இயல்பாக அணைந்திருப்பதால் சத்தமில்லாமல் ஓடும். ஒருமுறை எடுத்த பதிவுகளை அந்தக் கான்டெக்ஸ்ட் விடாமல் பிடித்துக்கொள்ளும். கீழ் லயத்து அக்கா புது எண்ணைப் பதிந்த பிறகும் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்கே போகும். சிவப்பு எச்சரிக்கையில் இது விளையாட்டல்ல.

கன்ஸ்ட்ரக்டரில், ஸ்கோப்புகளைத் திறந்து தரும் ஸ்கோப் ஃபேக்டரியை மட்டும் வாங்குங்கள். செய்தி ஒன்று வரும்போது புது ஸ்கோப் திறந்து, கான்டெக்ஸ்ட்டையும் சாவிக்குரிய அனுப்பிகளையும் அதிலிருந்தே எடுத்து, அனுப்பி முடிந்ததும் மூடிவிடுங்கள். ஸ்கோப் சோதனையைப் புரொடக்‌ஷனிலும் இயக்கிவையுங்கள். செய்திகளைச் சேமிக்க ரெபிட் எம்கியூ என்ற செய்தி வரிசைச் சேவையகம் வேண்டுமா என்றால், ஒரு தோட்டத்துக்கு வேண்டாம்; மழை இருட்டியதும் மின்சாரம் போகிற இடத்தில் எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை போதும்.

பின்னர் சேர்த்தது: அனுப்பிகளைப் பட்டியலாகக் கேட்டால் வெறுமையாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். சாவியோடு பதிந்தவை சாவியில்லாத பட்டியலில் வரமாட்டா. இன்னொருவரின் ஜேசனில் ‘ஒலிபெருக்கி’ ‘ஒலிப்பெருக்கி’ ஆகியிருந்தது. அப்படிப்பட்ட பிழை செய்தி வந்த பிறகுதான் வெளிப்படும். செயலி தொடங்கும்போதே ஒரு ஸ்கோப் திறந்து, ஜேசனில் உள்ள சாவிகள் அனைத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கும் நான்கு வரியைச் சேர்த்துவிடுங்கள்.