சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிக்கு ஓர் ஏறும் சுவர்

ஆறாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் அலுத்துவிடும். ஏறத் துடிப்பவர்களுக்கு இடம் தராவிட்டால் காம்பவுண்டு சுவரில் ஏறுவார்கள். கீழே இருப்பதோ சிமெண்ட் தரை. பள்ளிக்குப் பொருத்தமானது பக்கவாட்டில் நகர்ந்து ஏறும் சுவர். 1 மீட்டர் உயரத்தில் சிவப்புக் கோடு போட்டு, கால் அதைத் தாண்டக்கூடாது என்று வைத்துவிடுங்கள். உயரத்தைக் கூட்டாமலே பிடிகளைச் சிறிதாக்கி, இடைவெளியைக் கூட்டி, எவ்வளவு கடினமாகவும் ஆக்கலாம்.

சுவர் கிழக்குப் பார்த்திருக்கட்டும். சேலத்தில் மாலை விளையாட்டு நேரத்தில் நிழல் கிடைக்கும். ஏற்காட்டில் காலை வெயில் பனி ஈரத்தைக் காயவைக்கும். வடக்குப் பார்த்தால் எப்போதும் நிழல் என்று பலர் நினைக்கிறார்கள். சித்திரையிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் சேலத்துக்கு வடக்கே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

18 மி.மீ. மரைன் ப்ளைவுட் (ஐ.எஸ். 710), 8 அடிக்கு 4 அடி பலகை 7 வாங்கி நட்டுவைத்தால் சுமார் 8.5 மீட்டர் நீளச் சுவர் கிடைக்கும். பின்னால் 60 செ.மீ.க்கு ஒரு இரும்புச் சட்டக்கால், அதற்குச் சாய்வு முட்டு. பழைய காம்பவுண்டு சுவரில் பலகையை அறைய வேண்டாம். அது இழுவிசைக்காகக் கட்டியதல்ல. பலகைக்கு 18 பிடிகள் போதும். துளைக்குப் பின்பக்கமிருந்து எம்10 டீ-நட் (பலகையில் பதியும் பல்லுள்ள 10 மி.மீ. நட்டு) அடித்து, பிடியை முன்பக்கம் ஆலன் போல்ட்டால் (தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்) முறுக்குங்கள். கூடவே ஒரு மர ஸ்குரூவும் போடுங்கள். போல்ட் மட்டும் இருந்தால் பிடி சுழலும், பிள்ளை அந்த நொடியில்தான் விழும். அளவுக்கு மீறி முறுக்கினால் பிடியே வெடிக்கும். துளை போட்டபின் விளிம்புகளுக்குப் பெயின்ட் அடிக்காவிட்டால் ஏற்காட்டு மழையில் பலகை உப்பிவிடும்.

செலவைக் குறைக்கக்கூடாத இடம் தரை. சுவருக்கு முன் 2.5 மீட்டர், இரு முனையிலும் 2 மீட்டர், 30 செ.மீ. ஆழத்துக்கு மணல்: கிட்டத்தட்ட மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கழுவிய, உருண்டை மணியுள்ள மணலாக இருக்க வேண்டும். எம்-சாண்ட், கிரஷர் தூள் வேண்டாம். அவற்றின் நுண்தூள் நனைந்து காய்ந்ததும் தரை இறுகிவிடும். சட்டக்கால்களின் கான்கிரீட் மேற்பரப்பு மணல் மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே இருக்கட்டும். குதிக்கும் இடத்தில் மணல் ஒதுங்கும் என்பதால் சட்டக்காலில் மட்டக்கோடு வரைந்து, வாரம் ஒருமுறை கிளறி நிரப்புங்கள். சரிவான நிலத்தில் அடியில் வடிகால் குழாய் அவசியம்.

பக்கத்தில் குரங்குக் கம்பி (தொங்கியபடி கைமாற்றிக் கடக்கும் கம்பி வரிசை) வைப்பதானால் நீலப் பட்டை போட்ட (நடுத்தரத் தடிமன்) 1 அங்குல ஜி.ஐ. பைப் கைக்கு அடங்கும். எங்கும் 9 முதல் 23 செ.மீ. வரையுள்ள மூடிய இடைவெளி கூடாது. உடல் நுழையும், தலை சிக்கும். துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பருவத்துக்கு ஒருமுறை பிடிகளை இடம் மாற்றுங்கள்; பாதை மனப்பாடமானால் பிள்ளைகள் மறுபடி காம்பவுண்டு சுவருக்குப் போய்விடுவார்கள். கழன்ற டீ-நட்டைத் திரும்ப அடிக்கக் கை நுழைய வேண்டும் என்பதால், சுவருக்குப் பின்னால் 60 செ.மீ. விட்டு, அந்த இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்துப் பூட்டுங்கள்.